கொலுசுப் பட்டறைக்கு இணையதளம்: எதைப் போடுவது, எதை விடுவது?

பட்டறைக்காரன்

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. தாத்தா காலத்திலிருந்தே மொத்த வியாபாரம்தான். கட்டி வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, மாடல் கட்டி, பற்றவைத்து, மெருகு போட்டு மதுரை, விஜயவாடா, ஹூப்ளி என்று கடைகளுக்கு அனுப்புகிறோம். இப்போது இணையதளம் ஒன்று போடலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அப்பாவுக்கு அரை மனசுதான்.

தளம் செய்து தருகிறவர் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். முகப்பு, எங்களைப் பற்றி, நோக்கம், தொலைநோக்கு, சேவைகள், படங்கள், வாடிக்கையாளர் கருத்து, வலைப்பதிவு, செய்திகள், தொடர்பு. "மேட்டர் மட்டும் நீங்க கொடுங்க சார், நான் ஏத்திடறேன்" என்கிறார். தொலைநோக்குக்கு என்ன எழுதுவது என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். கொலுசு செய்கிறோம், அனுப்புகிறோம், பணம் தாமதமாக வருகிறது. இதில் தொலைநோக்கு எங்கே இருக்கிறது?

எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது மூன்று. மாடல் படம் போடலாமா? விலை போடலாமா? டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பதை, வெளிப்படையாகப் போடலாமா? வீட்டில் இந்த மூன்றிலும் சண்டை.

ஐந்துரோடு டிசைனர்

அந்தப் பட்டியல் டெம்ப்ளேட்டில் வருவது. அதில் பத்துப் பெட்டி இருக்கும், பத்தையும் நிரப்பினால்தான் வேலை முடிந்த மாதிரி தெரியும். உங்கள் தொழிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒருவர் கையில் ஏற்கெனவே உங்கள் கார்டு இருக்கும். ஆர்டருக்கு முன்பணம் போடுவதற்கு முன்னால் இப்படி ஒரு பட்டறை நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க வருவார். அவருக்கு விலாசம், ஜிஎஸ்டி எண், பட்டறையின் நிஜப் படம், எடுத்துப் பேசுகிற போன் நம்பர் இருந்தால் போதும். ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டார். இன்னொருவர் கூகுளில் 'சேலம் கொலுசு மொத்த விலை' என்று தட்டி வருகிறவர். அவருக்கு உங்களைத் தெரியாது. அவருக்காகத்தான் யோசித்து எழுத வேண்டும்.

முகப்பில் மேட்டூர் அணைப் படம் மட்டும் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். சேலத்தில் எந்தத் தொழிலுக்குத் தளம் போட்டாலும் அந்த அணையை இழுத்து வந்துவிடுகிறார்கள்.

நெல்லைக் கடை

நான் வாங்குகிற பக்கம் இருப்பவன். திருநெல்வேலியில் வெள்ளிக்கடை. சேலத்துச் சரக்குதான் அதிகம் எடுக்கிறோம்.

உங்கள் ஊர்ப் பட்டறைகளின் தளங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு வெல்வெட் துணியில் கொலுசை வளைத்து வைத்து, மேலே ஒளிக்கீற்று பாய்கிற மாதிரி படம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஜோடி 40 கிராமா 140 கிராமா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கொலுசில் எடைதான் எல்லாம். அதைப் போடாமல் "பாரம்பரியமும் நவீனமும் சங்கமிக்கும் இடம்" என்று போட்டு நான் என்ன செய்ய?

எனக்கு வேண்டியது: ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு எண். அந்த மாடல் ஜோடி எத்தனை கிராமிலிருந்து எத்தனை கிராம் வரை வரும், எந்தெந்த அங்குலத்தில் செய்வீர்கள், திருகாணியா கொக்கியா, சலங்கை உண்டா, குறைந்தது எத்தனை ஜோடி எடுக்க வேண்டும், ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாள், விற்காத சரக்கை மாற்றித் தருவீர்களா. கடைசிக் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால் அதையும் போட்டுவிடுங்கள். போனில் அரை மணி நேரம் பேசிவிட்டு அதைத் தெரிந்துகொள்வதுதான் கடுப்பு.

படம் எடுக்கும்போது ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். திருகாணியைத் திறந்த நிலையில் கிட்டத்தில் ஒரு படம் வேண்டும். மரை நன்றாக ஓடுகிறதா, காது தடிமன் எவ்வளவு என்பதை அதில்தான் பார்ப்போம். கொலுசு திரும்பி வந்தால் முக்கால்வாசி அந்த இடத்தில்தான் பிரச்சினை இருக்கும்.

பழைய ஆள்

தம்பி, நான் இந்தத் தொழிலில் முடி நரைத்தவன். படமே போடாதே. ஒரு மாடலை வெளியே விட்டால் வாரம் திரும்புவதற்குள் பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் அதே மாடல் அரை கிராம் குறைச்சலாக ஓடும். டை, அதாவது அச்சு வெட்டிய செலவு உனக்கு, லாபம் அவனுக்கு. நம்பிக்கையான கடைக்கு மட்டும் நேரில் காட்டு.

நெல்லைக் கடை

ஐயா, நேரில் காட்டிய மாடலையே எங்கள் கடைக்கு வருகிற வேறு பட்டறை ஏஜென்ட் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றாத மாடல் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். ஒளித்து வைத்தால் திருடன் பார்க்க மாட்டான் என்றில்லை, வாங்குகிறவன்தான் பார்க்க மாட்டான்.

அழகாபுரம் ஆடிட்டர்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு, நம் ஊரில் அதிகம் பேர் அந்தப் பக்கம் போவதில்லை.

வடிவமைப்புச் சட்டம் 2000. கொலுசின் உருவத்தை, அதாவது கண்ணுக்குத் தெரிகிற வடிவத்தையும் அலங்காரத்தையும், அதன்கீழ்ப் பதிவு செய்யலாம். 10 ஆண்டு உரிமை, கேட்டால் மேலும் 5 ஆண்டு. ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அந்த வடிவம் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. உங்கள் சொந்தத் தளத்தில் நீங்களே போட்டாலும் அது வெளியானதுதான். முதலில் தளத்தில் ஏற்றிவிட்டு, நன்றாகப் போகிறதே என்று பிறகு பதிவு செய்யப் போனால், புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடலாம்.

ஆகவே மாடல்களைப் பிரித்துவிடுங்கள். காலங்காலமாக எல்லாரும் செய்கிற அரும்பு, முத்து, சாதாச் சங்கிலி வகைகளைப் பதிவு செய்யவும் முடியாது, ஒளிக்கவும் ஒன்றுமில்லை. அவற்றைத் தாராளமாகப் போடுங்கள். இந்த வருஷம் நீங்களே யோசித்து டை வெட்டிய நாலைந்து மாடல் இருந்தால், விண்ணப்பம் போட்ட பிறகு போடுங்கள். விண்ணப்பமே போடப் போவதில்லை என்றால் ஐயா சொன்னதுதான், தளத்தில் வேண்டாம்.

இன்னொன்று. தளம் செய்கிறவர் படம் போதவில்லை என்று இணையத்தில் கிடைக்கிற வேறு யாருடைய கொலுசுப் படத்தையாவது போட்டுவிடுவார். அது அடுத்தவர் படம், அடுத்தவர் மாடல். கடைக்காரர் அதைக் காட்டி "இதை அனுப்புங்க" என்றால் என்ன செய்வீர்கள்?

பட்டறைக்காரன்

ஏற்கெனவே போட்டுவிட்டார் சார். மாதிரிப் பக்கத்தில் இருக்கிற நான்கு படத்தில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. அதில் ஒன்று ராஜஸ்தான் பக்கத்துக் காப்பு மாதிரி இருக்கிறது. இன்றைக்கே எடுக்கச் சொல்கிறேன்.

மாடலைப் பிரிக்கிற யோசனைக்கு அப்பாவும் தலையாட்டிவிட்டார். டச் விஷயம்தான் இழுக்கிறது. எங்கள் சரக்கில் பெரும்பகுதி 80 டச். 92.5-ம் செய்கிறோம். சில கடைகள் 70 கேட்டு வாங்குகின்றன. பில்லில் டச், சேதாரம், கூலி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சதவீதமாகப் போட்டுவிடுவது வழக்கம். வாங்குகிற கடைக்காரருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். "அவருக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்கு எதுக்கு?" என்பது அப்பா கட்சி.

பழைய ஆள்

உன் அப்பா சொல்வதுதான் சரி. நீ 80 என்று தளத்தில் போட்டால், உன்னிடம் வாங்கிப் போய் 'சுத்த வெள்ளி' என்று விற்கிற கடைக்காரனை நீயே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். கொலுசு வாங்க வந்த அம்மா போனைத் தட்டி உன் தளத்தைக் காட்டினால் அடுத்த மாதம் உனக்கு ஆர்டர் வராது.

நெல்லைக் கடை

நான் பில்லில் 80 என்று எழுதித்தான் விற்கிறேன். எழுதாதவர்களுக்குத்தான் கஷ்டம்.

பழைய ஆள்

அந்த எழுதாதவர்கள்தான் தம்பிக்குப் பாதி வியாபாரம்.

மலைக்காபி

நான் ஏற்காட்டுக்காரன், நாகலூர் பக்கம். கொஞ்சம் காபித் தோட்டம், தங்குவதற்கு மூன்று அறை. வெள்ளிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் இந்தச் சதவீதச் சண்டை எனக்குப் பழக்கம்.

காபித்தூளில் சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் காபி, எத்தனை சதவீதம் சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சடித்தே ஆக வேண்டும். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டில் கட்டாயம், சரி. தளத்தில் பெரிதாகப் போட வேண்டுமா என்று எங்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான். சிக்கரி என்ற வார்த்தையைப் பார்த்தாலே கலப்படம் என்று நினைப்பார்கள் என்று என் மாமனார் பயந்தார். பெயருக்குப் பக்கத்திலேயே போட்டோம்: 100, 80:20, 70:30. அதற்குக் கீழே எது டிகாஷன் கெட்டியாக இறங்கும், எது பாலில் நிறம் கொடுக்கும் என்று ஒரு வரி.

முன்பெல்லாம் போன் செய்து "சிக்கரி கலக்கறீங்களா?" என்று போலீஸ் மாதிரி கேட்பார்கள். இப்போது "அந்த 80:20-ல அரைக் கிலோ அனுப்புங்க" என்கிறார்கள். எண்ணைப் பார்த்த பிறகு அது ஒரு வகையாகிவிடுகிறது. எண் இல்லாத இடத்தில்தான் சந்தேகம் உட்காரும்.

அழகாபுரம் ஆடிட்டர்

இதில் வெள்ளிக்கு இருக்கிற நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம். வெள்ளிக்கு இன்னும் விருப்பம்தான். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஆறு இலக்க எச்யூஐடி எண்ணோடு, அதாவது ஒவ்வொரு உருப்படிக்கும் உரிய தனி அடையாள எண்ணோடு, ஹால்மார்க் வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உருப்படியின் தரம் தெரியும். அதில் மிகக் குறைந்த தரம் 800, அதாவது நீங்கள் சொல்கிற 80 டச். 70 டச் சரக்குக்கு ஹால்மார்க்கே கிடையாது. இன்றைக்கு விருப்பம் என்று இருப்பது நாளைக்கு எப்படிப் போகும் என்பதைத் தங்கத்தில் பார்த்துவிட்டோம்.

தளத்தில் டச் போடாமல் விடுவது குற்றமில்லை. ஆனால் 80-ஐ வைத்துக்கொண்டு 'சுத்த வெள்ளி', 'அசல் வெள்ளி' என்று எழுதினால் அது வேறு கதை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். தளத்தில் எழுதியதும் விளம்பரம்தான். தளம் செய்கிறவர் அழகுக்காகச் சேர்க்கிற வார்த்தைக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

ஹால்மார்க் சின்னத்தை அலங்காரத்துக்குப் போடுகிறவர்களும் உண்டு. பிஐஎஸ் பதிவு இல்லாமல் அந்த முத்திரை தளத்தின் அடியில் இருக்கவே கூடாது.

ஜவ்வரிசி ஆலை

சின்னம் என்றதும் நானும் உள்ளே வருகிறேன். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சாகோசர்வ் விண்ணப்பித்து வாங்கியது. மறுநாளே எங்கள் தளம் செய்கிறவர் அந்த லோகோவை முகப்பில் ஒட்ட ஆசைப்பட்டார். குறியீடு ஊருக்குக் கிடைத்தாலும் அதைப் பயன்படுத்த ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும் என்று சொல்லி நிறுத்தினோம்.

எங்கள் தளத்தைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு உதவும். ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. செய்திகள் பக்கத்தில் நான்கு வருஷத்துக்கு முந்தைய பொங்கல் வாழ்த்து இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "ஆலை ஓடுதா, மூடிட்டீங்களா?" என்று இந்தூரிலிருந்து ஒருவர் கேட்டார். புதுப்பிக்க முடியாத பக்கத்தைப் போடவே கூடாது.

தமிழ்ப் பக்கம் இன்னும் மோசம். பழைய நோட்டீஸுக்கு டைப் செய்த மேட்டரை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். அது பாமினி எழுத்துரு. யூனிகோடில் பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ சாபம் மாதிரி இருந்தது. அதற்குப் பரிகாரமாக எல்லாவற்றையும் படமாக மாற்றிப் போட்டார்கள். படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தேடி யாரும் வரப் போவதில்லை.

வேலை செய்கிற பக்கம் ஒன்றே ஒன்று: சரக்கு விவரப் பக்கம். குருணை அளவு, ஈரப்பதம், மூட்டை எடை, லாரி லோடு எத்தனை டன். மகாராஷ்டிரத்தில் விரத நாட்களுக்கு ஜவ்வரிசிக் கிச்சடி செய்வார்கள் இல்லையா, அந்த சீசனுக்கு முன்னால் வருகிற வியாபாரிகள் அந்தப் பக்கத்தை அப்படியே வாட்ஸ்அப்பில் எடுத்து அனுப்பி "இது வேணும்" என்கிறார்கள். அதை மட்டும் இந்தியிலும் போட்டோம். மற்றது தமிழும் ஆங்கிலமும்.

ஐந்துரோடு டிசைனர்

மொழி விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. பட்டறைக்காரருக்கு விஜயவாடாவும் ஹூப்ளியும் இருக்கிறது, அதனால் தெலுங்கு, கன்னடம், இந்தி என்று ஐந்து மொழியில் போடத் தோன்றும். கூகுள் மொழிபெயர்ப்பைப் போட்டால் 'திருகாணி' என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னும் கொடுமை, அந்த மொழியில் கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும். போனை எடுத்து எந்த மொழியில் பேச முடியுமோ அந்த மொழியில் மட்டும் போடுங்கள்.

பட்டறைக்காரன்

அம்மா தெலுங்கு நன்றாகப் பேசுவார். எழுதத்தான் தெரியாது. அதை அப்புறம் பார்க்கலாம்.

விலைக்கு வருகிறேன். 2025 தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்த வெள்ளி, வருஷம் முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டி ஓடியது எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் போட்ட விலை காலையில் நிற்காது. தளத்தில் ஜோடிக்கு இவ்வளவு என்று எப்படிப் போடுவது? அன்றாட விலை தானாக ஓடுகிற பட்டை ஒன்று வைத்துத் தருகிறேன் என்கிறார் தளம் செய்கிறவர், அதற்குத் தனிக் காசு.

நெல்லைக் கடை

வெள்ளி விலை பார்க்க உங்கள் தளத்துக்கு யார் வரப்போகிறார்கள்? அது என் போனிலேயே நாள் முழுக்க அலறிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியாதது உங்கள் கூலிதான். அதைப் போடுங்கள், சரியாக இவ்வளவு என்று வேண்டாம், சாதாச் சங்கிலிக்கு இதிலிருந்து இது வரை, கைவேலை அதிகமான மாடலுக்கு இதிலிருந்து இது வரை என்றால் போதும்.

பழைய ஆள்

கூலியைப் போட்டால் பக்கத்துப் பட்டறை அதைவிட ஒரு ரூபாய் குறைத்துப் போடும். இதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அழகாபுரம் ஆடிட்டர்

விலை போடுவதும் போடாததும் தளத்திலேயே விற்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. மாடலைக் காட்டி, பேசி, பில் போட்டு அனுப்புகிற வரைக்கும் அது ஒரு கேட்லாக். வாங்குகிறவர் தளத்திலேயே பணம் கட்டலாம் என்று வந்துவிட்டால் 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளைப் பார்க்க வேண்டும். மொத்த விலை ஒரே தொகையாகத் தெரிய வேண்டும், அதற்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பிரிப்பும் தெரிய வேண்டும். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், விலாசம், திருப்பி எடுக்கும் விதி, பணம் திரும்பும் விதி, குறைதீர்ப்பு அலுவலர் பெயர், அவருடைய தொடர்பு எண் எல்லாம் வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பணம் வாங்கும் கேட்வே கம்பெனிகளும் இந்தப் பக்கங்களெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கணக்கைத் திறப்பார்கள்.

அதே விதிகளில், நீங்களே வாடிக்கையாளர் வேஷம் போட்டுக் கருத்து எழுதக் கூடாது என்றும் இருக்கிறது. அந்த 'வாடிக்கையாளர் கருத்து' பக்கத்துக்குத் தளம் செய்கிறவர் என்ன மேட்டர் எழுதி வைத்திருக்கிறார் என்று பார்த்துவிடுங்கள்.

பட்டறைக்காரன்

"மிகச் சிறந்த சேவை, நன்றி: ரமேஷ், பெங்களூரு." எங்களுக்கு பெங்களூருவில் வாடிக்கையாளரே கிடையாது சார்.

தளத்தில் விற்பனை இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் நினைக்கிறோம். மாடல் எண்ணோடு வாட்ஸ்அப்பில் கேட்கிற மாதிரி ஒரு பொத்தான் மட்டும்.

அம்மாபேட்டைக்காரி

ஆண்களெல்லாம் கூடி டச், கூலி, சட்டம் என்று பேசிவிட்டீர்கள். கொலுசு போடுகிறவள் ஒரு வார்த்தை சொல்லலாமா?

அளவு எடுப்பது எப்படி என்று எந்தத் தளத்திலும் உருப்படியாக இல்லை. கணுக்கால் எலும்புக்கு மேலே நூலைச் சுற்றி, அந்த நீளத்தோடு அரை அங்குலம் சேர்த்தால் கால் பிடிக்காமல் தொங்கும், ரொம்ப அதிகமாகச் சேர்த்தால் எலும்பில் இடிக்கும். இதைப் படத்தோடு போடுங்கள். குழந்தைக் கொலுசு வாங்கும்போது வயசைச் சொல்லித்தான் கேட்கிறோம், கடையில் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார்கள், பத்து நாளில் கழன்று எங்கேயோ விழுந்துவிடுகிறது.

அப்புறம் கறுப்பது. வாங்கி மூன்று மாதத்தில் கறுத்தால் 'மட்டமான வெள்ளி' என்று கடையில் போய்ச் சண்டை போடுகிறோம். அது ஏன் என்று யாரும் சொல்வதில்லை.

நெல்லைக் கடை

அக்கா சொன்ன அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நிற்பவன் நான்தான். கறுப்பு விவகாரத்துக்கு ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும், அதை அச்சடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வேன். காற்றிலும் வியர்வையிலும் இருக்கிற கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு ஆகிறது, அதுதான் அந்தக் கறுப்பு. உள்ளே செம்பு அதிகமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். 92.5-ம் கறுக்கும், 80 கொஞ்சம் முந்திக்கொள்ளும். ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் அந்த இடத்தில் மட்டும் கோடு விழும், ரப்பரில் கந்தகம் இருக்கிறது. வெந்நீரில் அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு முக்கினால் வெளுத்துவிடும், ஆனால் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய ஆன்டிக் மாடலை முக்கினால் அந்த வேலைப்பாடும் போய்விடும்.

'கறுக்கவே கறுக்காது' என்று மட்டும் தளத்தில் எழுதிவிடாதீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

ரைன் கரை

ஜெர்மனியில் இருக்கிறேன், இங்கே தமிழ்க் கடைகளுக்கு நகை வரவழைத்துக் கொடுப்பது உண்டு. நிறையச் சேலம் தளங்களில் 'ஏற்றுமதியாளர்' என்று போட்டிருக்கிறது. ஐரோப்பாவின் ரீச் என்கிற ரசாயனப் பொருள் விதிப்படி நகையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் எடையில் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நிக்கலுக்கும் தனி வரம்பு. வெள்ளியில் பிரச்சினை இல்லாவிட்டாலும் பற்றவைக்கிற பொடியில் மாட்டிக்கொள்ளலாம். 'எங்கள் பொடியில் காட்மியம் இல்லை, சோதனை அறிக்கை இருக்கிறது' என்று ஒரு வரி போட முடிந்தால் நானே போன் செய்வேன். முடியாது என்றால் ஏற்றுமதி என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். கேட்டு, ஏமாந்து, நேரம் போவதுதான் மிச்சம்.

பட்டறைக்காரன்

எடுத்துவிட்டேன் அக்கா. பொடி விஷயத்தைத் தனியாக விசாரிக்கிறேன்.

பட்டறைப் படம் எவ்வளவு போடலாம்? கம்பி இழுப்பதையும் கட்டுவதையும் வீடியோ எடுத்தால் நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

பழைய ஆள்

கை தெரியட்டும், அறை தெரிய வேண்டாம். உருக்குகிற இடம் எங்கே, பெட்டி எங்கே, பின்கதவு எங்கே என்று நீயே ஊருக்கு வரைபடம் போட்டுக்கொடுக்காதே. சரக்கு மொத்தமாகக் குவிந்த படம் வேண்டவே வேண்டாம். யார் எந்த பஸ்ஸில் சரக்கு கொண்டுபோகிறார்கள் என்பதும் பேச்சில்கூட வரக் கூடாது. ஆசாரியின் முகத்தைப் போடுவதானால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடு. இன்னொரு பட்டறைக்காரன் அவரை இழுத்துப் போனாலும் போவான், அது வேறு.

மலைக்காபி

ஐயா சொல்கிற மாதிரி எதை மறைப்பது என்பதும் முக்கியம்தான். எங்களுக்கு நேர் எதிர்: வழியைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தளத்தில் அறைப் படங்களைவிட 'வருவது எப்படி' பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, முதல் தடவை ஓட்டுகிறவர்கள் இருட்டுவதற்குள் ஏறிவிடுங்கள், குழந்தைக்கு வாந்தி வந்தால் எங்கே நிறுத்தலாம், குப்பனூர் வழி எப்போது நல்லது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது அந்தப் பக்கத்தின் தலையில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தோம். ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து இங்கேயும் வேண்டுமா என்ற கேள்வி ஓயவில்லை, அதற்கும் தேதி போட்டுத்தான் பதில் எழுதுகிறோம். தேதி இல்லாத பதிலை யாரும் நம்புவதில்லை, போன் செய்து மறுபடியும் கேட்கிறார்கள்.

நீங்களும் கூலி வரம்பைப் போடுவதானால் மேலே ஒரு தேதி போடுங்கள்.

ஐந்துரோடு டிசைனர்

கேட்க மறந்துவிட்டேன். டொமைன், அதாவது தளத்தின் முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? உங்கள் பெயரிலா, செய்து கொடுக்கிறவர் பெயரிலா? என்ன போடுவது என்று இவ்வளவு பேசிவிட்டு, புதுப்பிக்கிற நேரத்தில் அவர் போனை எடுக்கவில்லை என்றால் எல்லாம் போச்சு.

பட்டறைக்காரன்

அவர் பெயரில்தான் இருந்தது. இன்று காலை பேசி, எங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் முகம் சுருங்கியது, பரவாயில்லை.

வீட்டில் பேசி முடிவானதைச் சொல்கிறேன். 80-ம் 92.5-ம் தனித்தனிப் பக்கம், டச் எண் பக்கத்தின் தலைப்பிலேயே. 70 தளத்தில் வராது. கேட்டு வாங்குகிறவர்களுக்கு முன் மாதிரியே போனில், ஆனால் இனி அவர்கள் பில்லிலும் டச் தனியாக எழுதப்படும். இதற்கு அப்பா எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்காதீர்கள், ஆடிட்டர் எழுதிய 10 லட்சத்தைப் படித்துக்காட்டினேன். பழைய மாடல்கள் எண், எடை, அங்குலத்தோடு. இந்த வருஷ மாடல் ஐந்தும் விண்ணப்பத்துக்குப் பிறகு. அளவு எடுப்பதும் கறுப்பதும் ஒரே பக்கத்தில். நோக்கம், தொலைநோக்கு, செய்திகள், கருத்து எல்லாம் போயிற்று. பக்கம் குறைந்தாலும் காசு குறையாது என்கிறார் தளம் செய்கிறவர்.

கூலி மட்டும் தீரவில்லை. அப்பா பழைய ஆள் ஐயா கட்சி.

நெல்லைக் கடை

கூலி இல்லாவிட்டால் நான் போனில் கேட்டுக்கொள்கிறேன், எடையும் டச்சும் இருந்தாலே பாதிப் பேச்சு மிச்சம். 92.5-இல் பத்தரை அங்குலம், திருகாணி, 60 கிராமுக்குள் ஏதாவது மாடல் இருந்தால் தளம் வருகிற வரைக்கும் காத்திருக்காமல் தனிச்செய்தியில் படம் அனுப்புங்கள். ஸ்கேலோடு.

பழைய ஆள்

அனுப்பு, ஆனால் ஐந்து புது மாடலில் ஒன்றை அனுப்பிவிடாதே.